நேர்காணல் திருச்சமுகத்துக்கு வாசித்தளித்த வாழ்த்துமடல்

வேலை தேடி வருவோரின் தலைவிதியைப் பேனா முனையில் தாங்கியருளும் நேர்காணல் குழுத் தலைவர் அவர்களே!

சுழல் நாற்காலியே சிம்மாசனமாக, கண்ணாடிக் கதவே கோட்டைவாயிலாக, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையே வாகைமாலையாகக் கொலுவீற்றிருக்கும் தேவரீரின் பெருமையைப் பாட அடைமொழிகள் போதவில்லை. ஒருவனைப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டும் பொறியியல் கல்லூரியில் எட்டு செமஸ்டரும் வைத்துப் பார்த்த ஆசிரியர்களுக்கு, அவன் எதற்குத் தகுந்தவன் என்று கடைசிவரை துலங்குவதில்லை. பெற்ற தாய்க்கே பிள்ளையைப் பற்றிச் சில சந்தேகங்கள் உண்டு. தேவரீருக்கோ பத்து நிமிடம் போதும். அதிலும் அவன் கதவைத் திறந்து நாற்காலிவரை நடந்து வருவதற்குள் திருவுளத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மீதி நேரமெல்லாம் எழுதிய தீர்ப்புக்குச் சாட்சி தேடும் திருப்பணி. முக்காலமும் உணர்ந்த முனிவர்கள்கூட ஓலைச்சுவடியைப் புரட்டிப் பார்த்துத்தான் பலன் சொன்னார்கள். தேவரீர் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையும் புரட்டாமல் சொல்கிறீர்கள்.

வருவோருக்குத் தாங்கள் முதலில் அருளும் வரம் பொறுமை. காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லிப் பிற்பகல் மூன்றரைக்கு அழைப்பது எளியவர்களால் ஆகிற காரியமா? தருமபுரியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடியே வந்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி, கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் பங்கு ஆட்டோ பிடித்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது உபவாசம் கிடைக்க வேண்டாமா? அழைக்கும் நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் பெயர் விட்டுப்போகும் என்பதால் டீக்கடைக்குக்கூட நகராமல், சான்றிதழ்க் கோப்பை மடியில் அணைத்தபடி அவர்கள் இருக்கும் தவக்கோலத்தைக் கண்டால் கல்லும் உருகும். உருகாதிருக்கும் உறுதி தேவரீருக்கு வாய்த்தது முன்னோர் செய்த புண்ணியம். கோடை வெயிலில் கழுத்துப்பட்டை இறுக்கி நிற்கும் அந்த ஆடை ஒழுங்கும் தங்கள் அருளே. சென்னையின் சித்திரை மாதத்துக்கு டையைப் போலப் பொருந்தும் உடை வேறு உண்டா?

பிறகு திருவாய் மலர்கிறது. "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்." ஆகா! அவனைப் பற்றிய அனைத்தும் தாளில் அச்சாகித் தங்கள் திருமுன்னே கிடக்கிறது. ஆனாலும் படித்துப் பார்த்து அறிவைக் கறைப்படுத்திக்கொள்ளாமல், பிறந்த குழந்தையின் தூய மனத்தோடு கேட்கிறீர்களே, இந்த நிர்மலம் யாருக்கு வரும்? அடுத்து "உங்கள் பலவீனம் என்ன?" என்ற மகாவாக்கியம். எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்ய நினைப்பதே தன் பலவீனம் என்று அவன் சொல்கிறான். முன்னால் வந்தவனும் அதையே சொன்னான். பின்னால் வரப்போகிறவளும் அதையே மனப்பாடம் செய்துகொண்டு வெளியே உதடு அசைத்துக்கொண்டிருக்கிறாள். தேவரீரோ ஒவ்வொரு முறையும் அதை முதன்முதலாகக் கேட்பவர்போலத் தலையசைத்து மதிப்பெண் இடுகிறீர்கள். "எனக்கு மேடையில் பேச நடுக்கம், கூட்டல் கணக்கில் அவசரப்படுவேன்" என்று உண்மையைச் சொல்லிவிடும் அசட்டுப்பிள்ளைகளைக் கருணையோடு வாசல் காட்டி அனுப்புகிறீர்கள். நாட்டின் இளைஞர்களை வேலையில் சேரும் முதல் நாளுக்கு முன்பே பொய்யில் பழக்கிவிடும் இந்தப் பெருங்கல்விக்குத் தங்களிடம் எவரும் கட்டணம் கேட்டதில்லை. கட்டணத்தையெல்லாம் பயிற்சி நிலையங்களே வாங்கிக்கொள்கின்றன. கைகுலுக்கும் அழுத்தம் எவ்வளவு, கண்ணை எங்கே நிறுத்துவது, எந்த நொடியில் புன்னகைப்பது என்பதையெல்லாம் அங்கே நாள் முழுக்கச் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "நீ நீயாக இரு" என்றும் ஆசீர்வதித்து அனுப்புகிறார்கள்.

புதிர் தொடுக்கும் திருவிளையாடலை மறந்தால் நாக்கு அழுகிவிடும். ஒரு பள்ளிப் பேருந்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்று, கணக்கெழுதும் வேலைக்கு வந்தவனிடம் கேட்கும் கம்பீரம் உலகில் வேறெங்கே கிடைக்கும்? இதற்கு ராஜபரம்பரையே உண்டு. தாமஸ் ஆல்வா எடிசன் 1921இல் வேலை கேட்டு வந்தவர்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளை நீட்டினார். அவற்றில் ஒன்றை, ஒலியின் வேகம் என்ன என்பதை, அதே ஆண்டு அமெரிக்காவுக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் கேட்டார்கள். புத்தகத்தில் கிடைப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்றார் அவர். ஐன்ஸ்டைனையே கேள்வியில் தவறவைத்த பரம்பரையில் வந்தவரல்லவா தாங்கள்! இந்தப் புதிர்களைப் பரப்பிய பெருமையில் கூகுளுக்கும் பங்கு உண்டு. அந்த நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013இல், இவை வருபவரின் திறமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை, கேட்பவர் தம்மைப் புத்திசாலியாக நினைத்துக்கொள்ளவே பெரும்பாலும் உதவுகின்றன என்று பேசிவிட்டார். அவர் குறையாகச் சொன்னது, அடியேன் பார்வைக்கு, புதிரின் ஆகச்சிறந்த பயன். கேட்பவருக்கு அந்த நினைப்பாவது வேண்டாமா?

அடுத்ததாகத் தங்கள் செவியின் சிறப்பு. கடைசல் இயந்திரத்தில் நூலிழை பிசகாமல் உருளை கடையத் தெரிந்தவனையும், ஜாவாவில் நள்ளிரவுவரை பிழை தேடித் திருத்தத் தெரிந்தவளையும் தங்கள் முன் நிறுத்தினால், தாங்கள் இயந்திரத்தையும் நிரலையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை; நாக்கைப் பார்க்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிக்க மூன்று நொடி எடுத்துக்கொள்கிறாள் அந்தப் பெண். அந்த மூன்று நொடி மௌனத்தில் அவளுடைய பதினாறு ஆண்டுப் படிப்பையும் மூழ்கடித்து, "கம்யூனிகேஷன் வீக்" என்று இரண்டே சொல்லில் கல்வெட்டு பொறிக்கும் சொற்சிக்கனம் அரும்பெரும் புலவர்களுக்கும் கைவராதது. தேவரீரும் மதுரைக்காரர், வந்தவளும் மதுரைக்காரி, வேலையும் மதுரையில்தான் என்றாலும், இருவரும் ஆங்கிலத்திலேயே திணறும் அந்தப் பத்து நிமிடத்தின் அழகே அழகு.

இனி, எழுதக் கை நடுங்குகிறது. எல்லாவற்றிலும் உயர்ந்த தங்கள் கலையை அடியேன் எப்படிப் பாடுவேன்! 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாமென்று தீர்மானம் போட்டது. நாளடைவில் தமிழ்நாட்டு விண்ணப்பங்களில் பெரும்பாலும் தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே மிஞ்சின. சாமானியர் ஒருவர் தங்கள் இடத்தில் இருந்திருந்தால் இத்தோடு கைவிட்டிருப்பார். தேவரீர் கைவிடவில்லை. "எந்த ஊர் தம்பி?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "அப்பா என்ன பண்றார்?" "வீட்ல நான்வெஜ் உண்டா?" "குலதெய்வம் எங்க?" என்று, பேரன் பேத்தியை மடியில் வைத்து விசாரிக்கும் தாத்தாவின் வாஞ்சையோடு ஐந்தே கேள்வியில் தொண்ணூறு ஆண்டு கடந்த தீர்மானத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கவேயில்லை. ஆனால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. தூய்மைப் பணியாளரின் மகன் "அப்பா நகராட்சியில் இருக்கிறார்" என்று சொல்லி உமிழ்நீர் விழுங்கும்போது, "நகராட்சியில் என்னவாக?" என்று தொடரும் அந்த நுட்பத்தைக் கண்டு அடியேனுக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்தக் கலையில் வட இந்தியப் பெருந்தகைகளும் குறைந்தவர்கள் அல்லர். தில்லியில் மனிதவள மேலாளர்களைச் சந்தித்த சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்று அந்த மேலாளர்கள் சத்தியம் செய்தார்கள்; அடுத்த மூச்சில், குடும்பப் பின்னணியை அவசியம் கேட்போம் என்றும் சொன்னார்கள். இவ்விரண்டையும் ஒரே வாயால் முரணின்றிச் சொல்லும் மனப்பக்குவம் ஞானியருக்கே உரியது. அதே ஆண்டு சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இன்னும் இருவர், நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த கதையை வெளியிட்டார்கள். ஒத்த தகுதி, வேறு வேறு பெயர்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. முகத்தைக்கூடப் பார்க்காமல், எழுதிய பெயரிலிருந்தே தகுதியை முகர்ந்தறியும் இந்த நாசியின் கூர்மைக்கு ஈடேது!

பெண்களிடம் தாங்கள் காட்டும் பரிவோ தாய்வீட்டுப் பரிவு. "கல்யாணம் ஆயிடுச்சா?" ஆகவில்லை என்றால், "எப்போ?" ஆகிவிட்டது என்றால், "குழந்தை எப்போ?" குழந்தை இருந்தால், "யார் பார்த்துக்குவாங்க?" எந்தப் பதிலைச் சொன்னாலும் வேலை இல்லை என்னும்படி கேள்விகளை இத்தனை சீராகக் கோத்த சிற்பி யாரோ! ஆணிடம் இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை; குழந்தைகள் ஆண்களுக்குப் பிறப்பதில்லை என்ற அறிவியல் தங்களுக்குத் தெரியும். வேலைக்கு எடுப்பதில் பெண்ணென்று வேற்றுமை பாராட்டக் கூடாதென்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. பேறுகால விடுப்பை 26 வாரமாக்கி 2017இல் இன்னொரு சட்டம் வந்தது. அந்த 26 வாரத்தைத் தரும் சிரமம் நிறுவனத்துக்கு நேராதபடி, தாயாகக் கூடியவளை வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறீர்களே, சட்டத்தை மீறாமலிருக்க இதைவிடப் பண்பான வழி உண்டா? 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் பொருத்தும் ஆலையொன்றில் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. ஒன்றிய அரசு தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது. இவ்வளவு பெரிய அங்கீகாரம் எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

சம்பளம் பேசும் சமர்த்தையும் சேர்த்துப் பாட வேண்டும். "இப்போ என்ன வாங்குறீங்க?" என்று கேட்டு, பழைய முதலாளி கொடுத்த குறைந்த கூலியை நிரந்தர அளவுகோலாக்கி, அதன்மேல் கைப்பிடி உப்பு தூவுவது தங்கள் ஈகை. புதியவர்களுக்கான வேலைக்கு இரண்டாண்டு அனுபவம் கேட்பது தங்கள் தர்க்கம். அனுபவமில்லாத பிள்ளைகள் வேறு வழியின்றிப் பணம் கட்டிப் போலி அனுபவச் சான்று வாங்கி வந்தால், பொய்யனைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பொங்கியெழுவது தங்கள் அறச்சீற்றம். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டாண்டுக்குள் போனால் பணம் கட்டவேண்டுமென்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய கையோடு, "எங்கள் நிறுவனம் ஒரு குடும்பம்" என்று சொல்லும் சில இடங்களின் பாசத்துக்குக் கண்ணீரே காணிக்கை.

நேர்காணலின் உச்சம் அது முடிந்த பிறகுதான் வருகிறது. "வி வில் கெட் பேக் டு யூ" என்ற வேதவாக்கை அருளிவிட்டுத் தேவரீர் மௌனத்தில் ஆழ்ந்துவிடுகிறீர்கள். தேர்வில் தோற்றவனுக்கு மதிப்பெண் பட்டியலாவது வரும். வழக்கில் தோற்றவனுக்குத் தீர்ப்பின் நகல் வரும். தங்களிடம் தோற்றவனுக்கு எதுவும் வராது; தோற்றான் என்ற செய்தியும் வராது. அப்பா சாப்பாட்டு நேரத்தில் "அந்தக் கம்பெனி என்ன சொன்னாங்க?" என்று கேட்பதை நிறுத்தும்வரை, அவன் தொலைபேசியைக் குளியலறைக்கும் எடுத்துப் போகிறான். இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அவன் நம்பிக்கை அன்றே முடிந்திருக்கும். பாவம், இரண்டு மாதம் நீளட்டும் என்று நினைத்த நெஞ்சின் ஈரம் பெரிது.

இத்தகைய சமுகத்துக்கும் பகைவர்கள் உண்டு என்பதைச் சொல்ல வெட்கப்படுகிறேன். பத்தாம் நூற்றாண்டிலேயே, பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க்காரர்கள், சபைக்கு உறுப்பினர் எடுக்க வயது, நிலம், வீடு, கல்வி என்று நிபந்தனைகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். அவற்றைக் கடந்தவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த நிபந்தனைகள் பலரை வெளியே நிறுத்தின. ஆனாலும் எதனால் வெளியே நின்றோம் என்பதை எவனும் சுவரைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. எவ்வளவு பக்குவமற்ற ஏற்பாடு! நிபந்தனைகளைத் திருவுளத்துக்குள் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும் நாகரிகம் அன்று பிறந்திருக்கவில்லை.

1915இல் வால்டர் டில் ஸ்காட் என்ற அமெரிக்க உளவியலார் செய்த குறும்பு இன்னும் பெரிது. வேலைக்கு வந்த 36 பேரைத் தனித்தனியே நேர்காணச் சொல்லி ஆறு மேலாளர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த 36 பேரில் 28 பேர் தரவரிசையின் மேல்பாதியா கீழ்ப்பாதியா என்பதில்கூட மேலாளர்களிடையே ஒற்றுமை இல்லை. ஆறு ஞானியர்க்கு ஆறு ஞானம் என்று வியப்பதை விட்டு, இதைக் குறையாக எழுதி வைத்தார். 1980இல் நம் உச்ச நீதிமன்றமும் தன் பங்குக்குத் தலையிட்டது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கையில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் நேர்காணலுக்கு. அந்த நேர்காணலோ இரண்டு மூன்று நிமிடம். கேட்டதோ பெற்றோர் யார், வீடு எங்கே என்று. அஜய் ஹசியா வழக்கில் நீதிமன்றம் இதைத் தன்னிச்சையானது என்றது. நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, பேச்சை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றது. திருவாய் மொழிகளை ஒலிப்பதிவு செய்வதா! தங்கள் கேள்விகளைப் பிறர் கேட்கும்படி ஆனால் தங்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அந்த நீதிபதிகள் எண்ணிப் பார்த்தார்களா? 2016 ஜனவரி முதல் நாளில் ஒன்றிய அரசு, கெசட் பதவியல்லாத பி பிரிவு தொடங்கி கீழ்நிலைப் பணிகளுக்கெல்லாம் நேர்காணலையே எடுத்துவிட்டது. தங்கள் தரிசனமில்லாமலே உள்ளே நுழைந்த அந்தப் பாக்கியமற்றவர்களை எண்ணி மனம் கசிகிறது.

இப்போது சிலர் புதிய ஓலையோடு திரிகிறார்கள். வருபவர் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டுமாம். அந்தக் கேள்விகள் செய்யப்போகும் வேலையைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டுமாம். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்னதாகவே எழுதிவைத்து, பேசப்பேசக் குறிக்க வேண்டுமாம். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் கலந்து பேச வேண்டுமாம். தட்டச்சு வேலைக்கு வந்தவளைத் தட்டச்சு செய்யச் சொல்லியும், பற்றவைக்க வந்தவனைப் பற்றவைக்கச் சொல்லியும் பார்க்க வேண்டுமாம். எடுக்காதவருக்கு ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வாரத்துக்குள் எழுத வேண்டுமாம். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இருவர் 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998இல் எழுதியதை இவர்கள் துணைக்கு அழைக்கிறார்கள். மனம்போன போக்கில் நடக்கும் நேர்காணலுக்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் உள்ள பொருத்தம் 0.38 என்றும், இப்படி ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கு 0.51 என்றும் கணக்குக் காட்டுகிறார்கள். இதெல்லாம் நடந்தால் மூன்று நொடி தயங்கிய அந்தப் பெண்ணுக்கும் நகராட்சித் தொழிலாளியின் மகனுக்கும் நியாயம் கிடைத்துவிடும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். தேவரீரின் உள்ளுணர்வுக்கு அப்புறம் என்ன வேலை? கேள்வித்தாளை ஏந்திய ஒரு சாதாரண ஊழியராகத் தாங்கள் சுருங்கிப்போவதைக் காண எங்கள் கண்களுக்கு வலிமை இல்லை. ஆகவே அந்த ஓலையை ஒருபோதும் பிரித்துப் பார்க்காதீர்கள் என்று பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இத்தனை அருளுக்கும் கைம்மாறாக எங்களிடம் இருப்பது வாழ்த்து ஒன்றுதான். தங்கள் நாற்காலி நீடூழி சுழலட்டும். தங்கள் செல்வங்கள் படித்து முடித்து வேலை தேடிப் புறப்படும் நாளில், தங்களைப் போலவே ஒரு பெருந்தகை அவர்களுக்கு வாய்க்கட்டும். மாலைவரை அவர்களைப் பட்டினியாகக் காக்கவைத்து, விண்ணப்பத்தைப் பிரிக்காமல், தங்கள் மகனின் நாக்கை எடைபோட்டு, தங்கள் மகளிடம் பிள்ளைப்பேற்றின் தேதி கேட்டு, "அப்பா என்ன பண்றார்?" என்று அவர் புன்னகையோடு விசாரித்தருளட்டும். பிள்ளைகள் தங்கள் பதவியைப் பெருமையோடு சொல்லி முடித்ததும், திரும்ப அழைக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, தங்களிடம் கற்ற அதே மௌனத்தை அவரும் குறைவின்றிக் கடைப்பிடிக்கட்டும்.